சிபாரிசுக் கடிதமும் உரிமை மனுவும்

காலை வேளையில் பங்கு இல்லத்தின் வாசலுக்கு வருவோருள் பாதிப் பேருக்கு வேண்டுவது ஒரு கடிதம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க ஒரு கடிதம். மருத்துவமனையில் கட்டணத்தைக் குறைக்க ஒரு கடிதம். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்கு எடுத்துச் செல்ல ஒரு கடிதம். ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகளாக நாம் இத்தகைய கடிதங்களை எழுதி வருகிறோம். அவற்றின் வாசகம் நமக்கு மனப்பாடம். "இக்கடிதத்தைக் கொண்டு வருபவர் நமது பங்கைச் சேர்ந்தவர், மிக்க ஏழை, தாங்கள் மனமிரங்கி இயன்ற உதவியைச் செய்யுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம்." அடியில் ஒரு கையொப்பம், பக்கத்தில் ஒரு முத்திரை.

இக்கடிதங்களால் பலருக்கு நன்மை விளைந்ததுண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட ஒரு கடிதம் ஒருவரது வாழ்க்கையையே கெடுத்துவிடக் கூடும் என்பதை, ஐம்பது வயதைக் கடந்த பின்னரே நாம் கற்றுக்கொண்டோம். அந்தப் பாடத்தை நமக்குக் கற்பித்த இடம், மாற்றுத்திறனாளிகளுக்காக நம் மாவட்டத் தலைநகரில் நடைபெறும் ஓர் இலவசச் சட்ட ஆலோசனை மையம். இன்று நாமும் அங்கே ஒரு தொண்டர். ஆகவே அங்குக் கண்டவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். இங்குக் கூறப்படும் நிகழ்ச்சிகளுக்கு உரியவர்களின் இசைவைப் பெற்றிருக்கிறோம். அவர்களை இன்னார் என அடையாளம் காட்டும் விவரங்களை மட்டும் விலக்கியிருக்கிறோம்.

ஓட்டுநரின் கடிதம்

அவர் அரசுத் துறை ஒன்றில் லாரி ஓட்டுநர். வயது நாற்பத்தொன்று, பதினேழு ஆண்டுப் பணி. ஒரு விடுமுறை நாளில் உறவினர் வீட்டுத் திருமணத்துக்கு இரு சக்கர வண்டியில் சென்றபோது விபத்து நேர்ந்து, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அவர் இனி வண்டி ஓட்டத் தகுதியற்றவர் என்று மருத்துவக் குழு சான்று அளித்துவிட்டது. சம்பளமும் நின்றுபோயிற்று. "உடல்நிலை காரணமாக விருப்ப ஓய்வில் செல்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள், சேர வேண்டிய பணத்தைச் சீக்கிரம் வாங்கித் தருகிறோம்" என்று அலுவலகத்தில் கூறினார்களாம். அதற்குரிய படிவம் அவரது சட்டைப் பையிலேயே இருந்தது.

ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் நம்மிடம் கேட்டது இதுதான்: "சாமி, ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. பணம் சீக்கிரம் வர்ற மாதிரி ஆபீசுக்கு ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்க. நம்ம பள்ளிக்கூடத்துல ஒரு வாட்ச்மேன் வேலையும் பார்த்துக் கொடுங்க."

நாம் அன்றிரவே எழுதினோம். "இவர் இனி எந்த வேலையும் செய்ய இயலாத நிலையில் இருக்கிறார். ஆகவே இவருக்குச் சேர வேண்டிய தொகையை விரைந்து வழங்கி, கருணையுடன் பணியிலிருந்து விடுவிக்குமாறு வேண்டுகிறோம்." உள்ளம் உருகித்தான் எழுதினோம். எழுதி முடித்ததும் ஒரு நல்ல காரியம் செய்த நிறைவும் உண்டாயிற்று.

நம் பங்கைச் சேர்ந்த ஆசிரியை ஒருவர் மேற்கூறிய மையத்தில் தொண்டு செய்து வந்தார். "கொடுப்பதற்கு முன் அங்கே ஒருமுறை காட்டிவிடலாமே, ஃபாதர்" என்றார். அடுத்த சனிக்கிழமை ஓட்டுநருடன் நாமும் சென்றோம். மேசைக்கு அப்பால் அமர்ந்திருந்த வழக்கறிஞர் அம்மையார் நமது கடிதத்தை இருமுறை படித்தார்.

"இதை இன்னும் கொடுக்கவில்லையே, ஃபாதர்?"

"இல்லை, அம்மா."

"நல்லது" என்று கூறி அதை மடித்து ஒரு பக்கம் வைத்தார். பிறகு ஓட்டுநரை நோக்கித் திரும்பி, "உங்களால் எந்த வேலையுமே செய்ய முடியாதா?" என்று கேட்டார்.

"வண்டி ஓட்ட முடியாதும்மா. உட்கார்ந்து பார்க்கிற வேலை எல்லாம் பார்ப்பேன். பத்தாவது பாஸ். வண்டிகளோட லாக் புத்தகம் எழுதுவேன். ஸ்டோர்ல சாமான் கணக்குப் பார்ப்பேன்."

இந்த ஒரு கேள்வியை நாம் அவரிடம் கேட்கவே இல்லை. அவர் காலைப் பார்த்தோம், கண்ணீரைப் பார்த்தோம், விடையை நாமே எழுதிவிட்டோம். "எந்த வேலையும் செய்ய இயலாதவர்" என்று நமது முத்திரையோடு எழுதிய அந்த வரி அலுவலகக் கோப்பில் ஏறியிருந்தால், நாளை அவருக்கு எதிராகவே அது படிக்கப்பட்டிருக்கும்.

சட்டம் வழங்கியது என்ன?

அம்மையார் அன்று விளக்கியதை நம் வாசகர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம். 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 20 ஆம் பிரிவின் 4 ஆம் உட்பிரிவு என்ன கூறுகிறது? பணிக்காலத்தில் ஊனமடைந்த ஓர் ஊழியரை எந்த அரசு நிறுவனமும் பணிநீக்கம் செய்யலாகாது. பதவி இறக்கவும் கூடாது. அவர் வகித்த பதவிக்கு இனித் தகுதியற்றவரானால், அதே ஊதியமும் பணிப் பயன்களும் உடைய வேறு பதவிக்கு அவரை மாற்ற வேண்டும். அத்தகைய பதவி காலியாக இல்லையெனில், பொருத்தமான பதவி கிடைக்கும் வரையிலோ ஓய்வு பெறும் வயது வரையிலோ, அவருக்கென்றே ஒரு தனிப் பணியிடத்தை உண்டாக்கி அதில் வைத்திருக்க வேண்டும். விபத்து பணி நேரத்தில்தான் நேர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கே இல்லை. பணிக்காலத்தில் நேர்ந்திருந்தால் போதும்.

இது புதிய சலுகையும் அன்று. 1996 இல் நடைமுறைக்கு வந்த 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 47 ஆம் பிரிவிலேயே இப்பாதுகாப்பு இருந்தது. கால் எடுக்கப்பட்ட குணால் சிங் என்ற காவலர், தகுதியற்றவர் என்று பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். அவர் வழக்குத் தொடுத்து உயர் நீதிமன்றத்தில் தோற்றார். ஆனால் 2003 இல் உச்ச நீதிமன்றம் அப்பிரிவைச் சுட்டிக்காட்டி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஊனத்துக்கான ஓய்வூதியம் கிடைத்துவிட்டது என்பது இவ்வுரிமையைப் பறிக்கக் காரணமாகாது என்றும் கூறியது.

1995 ஆம் ஆண்டுச் சட்டம் 7 வகைக் குறைபாடுகளையே கணக்கில் கொண்டது. ஐக்கிய நாடுகள் அவை 2006 இல் நிறைவேற்றிய உடன்படிக்கையை இந்தியா 2007 இல் ஏற்றுக்கொண்டது. அதன் பயனாக வந்த 2016 ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. குறைபாடு 40 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருப்போருக்கு அரசுப் பணிகளில் 4 விழுக்காடும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடும் இட ஒதுக்கீடு உண்டு. 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாடெங்கும் 2.68 கோடிப் பேரும் தமிழகத்தில் 11.79 லட்சம் பேரும் குறைபாடுடையோர். இவர்களுள் எத்துணைப் பேர் தம் சட்டைப் பையில் ஒரு விருப்ப ஓய்வுப் படிவத்தை வைத்துக்கொண்டு, நம்மைப் போன்றோரின் கடிதத்துக்காகக் காத்து நிற்கின்றனரோ!

"ஃபாதர், நீங்கள் கேட்டிருப்பது கருணை. சட்டம் கொடுத்திருப்பது அதைவிட அதிகம்" என்றார் அம்மையார். குற்றம் சாட்டும் குரலில் அன்று. ஆனால் நமக்கு நெஞ்சில் தைத்தது.

மையத்தின் ஒரு சனிக்கிழமை

இந்த மையம் பெரிய நிறுவனம் அன்று. ஒரு கூடம், மூன்று மேசைகள், ஒரு பீரோ, இரவல் வாங்கிய ஒரு கணினி. மாதத்தின் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் காலை பத்து மணிக்குத் தொடங்கும். வழக்கறிஞர்கள் இருவர் ஊதியமின்றி வருகிறார்கள். மற்றவர்கள் அனைவரும் நம்மைப் போன்ற தொண்டர்கள்: ஓய்வுபெற்ற தாசில்தார் அலுவலக எழுத்தர் ஒருவர், அஞ்சலகத்தில் பணியாற்றியவர் ஒருவர், சட்டக் கல்லூரி மாணவியர் இருவர், சைகை மொழி அறிந்த ஆசிரியை ஒருவர்.

சட்டம் படியாதவருக்கு அங்கே என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். வேலை மலைபோல் இருக்கிறது. வருபவர் ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்ப்பார். அதிலிருந்து ஊனச் சான்று, தனித்துவ அடையாள அட்டை, ஆதார், குடும்ப அட்டை, பத்தாண்டுக்கு முந்திய மருத்துவச் சீட்டு யாவும் கொட்டும். அவற்றைத் தேதி வரிசையில் அடுக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் பெயரும் பிறந்த நாளும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ஒன்றில் 'அந்தோணியம்மாள்' என்றும் மற்றொன்றில் 'அந்தோணி அம்மா' என்றும் இருந்தால் அதுவே ஓராண்டுத் தாமதத்துக்குப் போதும். நடந்ததை அவர் சொற்களிலேயே எழுத வேண்டும். மனுவைப் படித்துக் காட்டி, "இது நீங்கள் சொன்னதுதானா?" என்று கேட்க வேண்டும். பிரதி எடுத்து, தபாலில் அனுப்பி, ஒப்புகையைக் கோப்பில் சேர்க்க வேண்டும். பதில் வர வேண்டிய நாளைக் குறித்து வைத்து, வராவிட்டால் நினைவூட்ட வேண்டும். பாதி வழக்குகள் நீதிமன்றம் செல்லாமலே தீர்ந்துவிடுவது இந்தக் குமாஸ்தா வேலையால்தான்.

நீதிமன்றம் செல்ல வேண்டியவற்றுக்கும் வழி உண்டு. ஏழைக்கும் இலவசச் சட்ட உதவி வேண்டும் என்ற கொள்கை, 1976 இல் அரசியலமைப்பில் 39-ஏ உறுப்பாகச் சேர்க்கப்பட்டது. 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 12 ஆம் பிரிவின்படி, மாற்றுத்திறனாளி ஒருவர் தம் வருமானத்தைக் காட்டத் தேவையின்றியே இலவச வழக்கறிஞரைக் கோரலாம். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் வட்டங்களில் வட்டச் சட்டப் பணிகள் குழுவும் உள்ளன. 15100 என்ற எண்ணில் தொலைபேசி வழியாகவும் கேட்கலாம். இவ்வளவு இருந்தும் எம்மைப் போன்ற மையம் ஏன்? அந்தக் கதவு வரைக்கும் போய்ச் சேருவதற்கே பலருக்கு ஒரு துணை வேண்டியிருக்கிறது.

நாம் கட்டிய சாய்தளம்

மழைக்காலத்தில் மையத்தின் கூடம் ஒழுகியதால், மூன்று மாதங்களுக்கு நம் பங்கு மன்றத்தை வழங்கினோம். முதல் சனிக்கிழமையே வெட்கப்பட நேர்ந்தது. மன்றத்துக்கு நான்கு படிகள், உயரம் இரண்டடி. நாற்பது ஆண்டுகளாக அப்படிகளின் வழியே ஏறியிறங்கியும் அவை ஒரு தடை என்று யாருக்கும் தோன்றியதில்லை. சக்கர நாற்காலியில் வந்த ஒரு பெரியவரை நால்வர் தூக்கிச் சென்றார்கள். "மூட்டை மாதிரித் தூக்குறீங்களே" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சிரிப்பு அவருடையது, அவமானம் நம்முடையது.

உடனே கொத்தனாரை அழைத்து ஒரு சாய்தளம் கட்டச் சொன்னோம். அவர் இடத்தை மிச்சப்படுத்தி ஆறடியில் கட்டி முடித்தார். அதில் ஏறினால் நாற்காலி பின்னோக்கிக் கவிழும்! ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும் என்பது விதி என்று பிறகுதான் அறிந்தோம். இரண்டடிக்கு இருபத்து நான்கு அடி. இடித்துவிட்டு, சுவரை ஒட்டி ஒரு திருப்பம் வைத்து, மீண்டும் கட்டினோம். இன்று முதியோரும் குழந்தை வண்டி தள்ளும் தாய்மாரும் படியை விட்டு அதையே பயன்படுத்துகின்றனர். கட்டுவதற்கு முன் அந்தப் பெரியவரிடமே கேட்டிருந்தால் ஒரு கூலியும் ஒரு மூட்டைச் சிமெண்டும் மிச்சமாகியிருக்கும்.

பேசாத பெண்ணின் கேள்வி

மற்றொரு நாள் அண்ணனும் தங்கையும் வந்தனர். தங்கைக்குப் பிறவியிலிருந்தே காது கேளாது, பேச்சும் இல்லை. பெற்றோர் உயில் எழுதாமல் காலமாகிவிட்டனர். வீடு தம் பெயருக்கு முழுவதும் வர, தங்கையிடம் ஒரு விடுதலைப் பத்திரம் வாங்க வேண்டும் என்றார் அண்ணன். "அவளுக்கு என்ன சாமி தெரியும்? நான்தானே சோறு போடறேன்" என்றார். அவர் கெட்டவர் அல்லர். பத்தாண்டுகளாகத் தங்கையைக் காப்பாற்றி வருபவர்தான்.

நாம் பழைய வழக்கப்படி அண்ணனிடமே பேசிக்கொண்டிருந்தோம். சைகை மொழி ஆசிரியை வந்து அப்பெண்ணின் எதிரே அமர்ந்தார். பத்திரம் என்றால் என்ன, கையெழுத்திட்டால் என்ன ஆகும் என்பதைக் கைகளால் விளக்கினார். சிறிது நேரம் அப்பெண் அசையாமல் இருந்தார். பின்பு விரைந்து கைகளை அசைத்தார். ஆசிரியை அதை மொழிபெயர்த்தார்: "நான் கையெழுத்துப் போட்டுவிட்டு, அண்ணன் இல்லாத காலம் வந்தால், எந்த அறையில் படுப்பேன்?"

கூடத்தில் ஒருவரும் பேசவில்லை. அண்ணன் தலைகுனிந்தார்.

நம் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பொருந்துவது 1925 ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம். தந்தையும் தாயும் உயிலின்றி இறந்தால் ஆண், பெண் பிள்ளைகள் அனைவருக்கும் சம பங்கு. காது கேளாமையோ கண் தெரியாமையோ அப்பங்கைக் குறைப்பதில்லை. அது மட்டுமன்று, காது கேளாதவரும் பேச இயலாதவரும் பார்வையற்றவரும், தாம் செய்வது இன்னதென அறியக் கூடியவராயின், உயில் எழுதவும் தகுதியுடையவரே என்று அச்சட்டம் 59 ஆம் பிரிவில் விளக்கம் தருகிறது. இந்துக் குடும்பங்களில் சில குறைபாடுகளைக் காட்டி வாரிசுரிமையை மறுக்கும் பழைய வழக்கத்தை 1928 ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் நீக்கியது. 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் 28 ஆம் பிரிவில் முற்றிலும் நீக்கியது. 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13 ஆம் பிரிவோ மேலும் ஒருபடி செல்கிறது. மாற்றுத்திறனாளிக்குத் துணை நிற்பவருக்கும் அவருக்கும் ஒரு சொத்து விவகாரத்தில் நலன்கள் மோதுமானால், அவ்விவகாரத்தில் துணை நிற்பவர் விலகி நிற்க வேண்டும் என்கிறது. உறவினர் என்பதாலேயே மோதல் இருப்பதாகக் கொள்ளலாகாது என்றும் நியாயமாகச் சேர்த்துக் கூறுகிறது.

மூன்று அமர்வுகள் நடந்தன. ஒருமுறை அண்ணன் கோபித்துக்கொண்டு எழுந்தும் போனார். இறுதியில் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாயிற்று. வீட்டின் பின்கட்டில் ஓர் அறையும் சமையலறையும் கிணற்றுப் பாத்தியமும் தங்கைக்கு, தெருப்பக்கம் அண்ணனுக்கு. தெருப்பக்கத்துக்கு மதிப்பு அதிகம். ஆயினும் "அண்ணன் எனக்குச் சோறு போட்டார்" என்று சொல்லி அதை அவருக்கே விட்டுக்கொடுத்தவர் தங்கை. தெரிந்து விட்டுக்கொடுப்பது வேறு. தெரியாமல் இழப்பது வேறு.

முடிந்ததும் முடியாததும்

எல்லாரும் வென்றுதான் போகிறார்கள் என்று எழுதினால் அது பொய்யாகும். தனியார் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு முறிந்த ஒருவர் மிகத் தாமதமாக வந்தார். அதற்குள் ஒரு சிறு தொகையைப் பெற்றுக்கொண்டு, படியாமலே பல தாள்களில் கைநாட்டு வைத்திருந்தார். அரசு ஊழியருக்குரிய 20 ஆம் பிரிவின் அந்தப் பாதுகாப்பு தனியார் வேலையாளுக்கு எட்டாது. உதவித்தொகைக்கும் அடையாள அட்டைக்கும் வழி செய்ய முடிந்தது. இழப்பீட்டுக்கு அதிக நம்பிக்கை இல்லை என்பதை அவரிடம் உள்ளபடியே கூறினோம். பொய் நம்பிக்கை தருவதும் ஒருவகைக் கொடுமை என்று அம்மையார் அடிக்கடி கூறுவார்.

மனவளர்ச்சி குன்றிய மகனை அழைத்து வரும் வயதான பெற்றோர் கேட்கும் கேள்விக்கு எந்தச் சட்டமும் முழு விடை தராது. "எங்களுக்குப் பிறகு இவனுக்கு யார்?" 1999 ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, புறவுலகச் சிந்தனையற்றோர், மூளை முடக்குவாதமுற்றோர், மனவளர்ச்சி குன்றியோர், பல்வகைக் குறைபாடுடையோர் ஆகியோருக்குப் பாதுகாவலரை நியமிக்க மாவட்ட அளவில் ஒரு குழு உண்டு, மாவட்ட ஆட்சியரும் அதில் அங்கம் வகிக்கிறார். விண்ணப்பத்தை நாம் எழுதித் தருகிறோம். ஆனால் பாதுகாவலராக யாரைக் குறிப்பிடுவது என்ற கட்டம் வரும்போது, பல பெற்றோர் பேனாவைக் கீழே வைத்துவிடுகின்றனர். அந்த இடத்தை நிரப்ப வேண்டியவர்கள் உற்றாரும் ஊராரும்.

ஓட்டுநர் என்ன ஆனார்? விருப்ப ஓய்வுப் படிவத்தில் அவர் கையொப்பமிடவில்லை. முதலில் அலுவலகத் தலைவருக்கும் அங்குள்ள குறைதீர் அலுவலருக்கும் மனு சென்றது. ஒவ்வோர் அரசு நிறுவனத்திலும் அத்தகைய அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்றும், புகாரைப் பதிந்து இரு வாரங்களில் விசாரிக்க வேண்டும் என்றும் சட்டத்தின் 23 ஆம் பிரிவு கூறுகிறது. இடமில்லை என்று பதில் வந்தது. பின்னர் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிட்டோம். ஆணையரின் பரிந்துரை மீது மூன்று மாதங்களுக்குள் நடவடிக்கை எடுத்துத் தெரிவிக்க வேண்டும். ஏற்காவிடில் காரணம் கூற வேண்டும். பத்து மாதங்கள் ஆயின. அந்நாள்களில் அவர் மனைவியின் நகை அடகுக் கடையில் இருந்தது. பள்ளிக் கட்டணத்துக்கு நாமும் கடன் கேட்டு அலைந்தோம். கடைசியில் அதே ஊதியத்தில் ஸ்டோர் பிரிவில் அவருக்குப் பணி கிடைத்தது. இடைக்காலச் சம்பளத்துக்கான மனு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

நீங்களும் வரலாம்

மாதத்தில் இரண்டு அரை நாள்களை ஒதுக்க முடிந்தவர் எவரும் இத்தொண்டுக்கு ஏற்றவரே. ஓய்வுபெற்ற எழுத்தர், தட்டச்சு தெரிந்தவர், அலுவலக நடைமுறை அறிந்தவர், ஆட்டோ வைத்திருப்பவர், சைகை மொழி கற்க விரும்பும் இளைஞர், பொறுமையாகக் கேட்கக் கூடிய இல்லத்தரசி ஆகிய யாவருக்கும் அங்கு இடமுண்டு. சட்டப் பணிகள் ஆணைக்குழுவும் 2009 முதல் சட்டத் தன்னார்வலர்களைத் தேர்ந்து பயிற்சி அளித்து வருகிறது. வழக்கறிஞராக இருக்க வேண்டியதில்லை.

நுழையுமுன் சில நெறிகளை மட்டும் மனத்திற் கொள்ள வேண்டும். வந்தவரோடு பேசுங்கள், அழைத்து வந்தவரோடு அல்ல. கேட்டதை வெளியே சொல்லாதீர்கள். பணமோ பரிசோ பெறாதீர்கள். தெரியாததைத் தெரியாது என்று கூறி வழக்கறிஞரிடம் அனுப்புங்கள். முடிவை அவரே எடுக்கட்டும். உங்களுக்கு அது பிடிக்காவிட்டாலும் அது அவருடைய வாழ்க்கை. தேதியை மறவாதீர்கள்.

சென்ற மாதம் அந்த ஓட்டுநர் மையத்துக்கு வந்திருந்தார். தமக்காக அன்று. அவரது அலுவலகத்தில் பார்வை மங்கிய ஒரு தோட்டப் பணியாளரிடம் ஏதோ ஒரு படிவத்தில் கையொப்பம் கேட்கிறார்களாம். "அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீங்கண்ணே என்று சொல்லிக் கூட்டி வந்திருக்கேன் சாமி" என்றார். பிறகு அவரே தோட்டப் பணியாளரை மேசையருகே அமர வைத்து, பையில் இருந்த தாள்களை எடுத்துத் தேதி வரிசையில் அடுக்கத் தொடங்கினார். நாம் மற்றொரு தாளை எடுத்து, பெயரைக் கேட்டு எழுத ஆரம்பித்தோம்.